அப்பாவின் இசைத்தட்டுகளுக்கு டர்ன்டேபிள், அம்ப், ஸ்பீக்கர்: எதை எதோடு பொருத்துவது?

உவர்மலைப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். அப்பா தவறி இரண்டு வருசம். அவர் சேர்த்த தட்டுகள் அறுபத்திரண்டு என்னிடம் இருக்கின்றன. பாதிக்கு மேல் நாதஸ்வரமும் கர்நாடக வாய்ப்பாட்டும், மிச்சம் பழைய சினிமாப் பாட்டு. சிலதை 1978இல் தலைமன்னார்க் கப்பலில் இந்தியா போனபோது மதுரையில் வாங்கி, சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்தவர். அவருடைய பழைய ரெக்கோட் பிளேயர் மோட்டர் இறுகி எரிந்துபோனதால் தட்டுகள் பல வருசமாக அலுமாரியில் சும்மா கிடந்தன.

போன ஆவணியில் கனடாவில் இருந்து வந்த மாமா தன்னுடைய டர்ன்டேபிளைக் கொண்டுவந்து தந்தார். பெல்ட்டில் ஓடுகிற வகை. பின்பக்கம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. அதில் புதிதாகப் பூட்டிய ஓடியோ டெக்னிக்கா வி.எம். 95 ஈ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்குகிற தலை), பச்சை ஊசி. அம்ப், ஜப்பானில் இருந்து வரும் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கியது. 100 வோல்ட், பக்கத்துக்கு 40 வாட். அதோடு ஒரு டிரான்ஸ்ஃபோமரும் தந்தார்கள். ஃபோனோ என்று எழுதிய துளை இல்லை. ஆக்ஸ், சிடி, டேப் மட்டும்தான். ஸ்பீக்கர் இரண்டு சோடி இருக்கிறது. ஒன்று மாமியின் வீட்டில் சும்மா நின்ற பெரியது, 12 அங்குலக் கோன், இடுப்பளவு உயரம். மற்றது சின்னது, ஆறரை அங்குலம், 6 ஓம், 86 டெசிபல் என்று பின்னால் ஒட்டியிருக்கிறது.

ஆக்ஸில் கொடுத்துப் போட்டுப் பார்த்தேன். சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் வருகிறது. வொலியூமை முழுக்கத் திருப்பினால்தான் கேட்கிறது, அதுவும் தகரத்தில் தட்டினது மாதிரி, தவிலுக்கு அடிச்சத்தமே இல்லை. ஒரே இரைச்சல் வேறு. இன்னொன்று, சொல்லத் தெரியவில்லை: எல்லாரும் களைத்துப்போய்ப் பாடுகிறமாதிரி இருக்கிறது. ஊசி பழுதோ? கடைக்காரர், இந்த அம்ப் காணாது, 100 வாட் அம்ப் எடுங்கள் என்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா? அறை 12 அடிக்கு 14 அடி, சிவப்புச் சீமெந்துத் தரை, கடல் பக்கம் இரண்டு யன்னல்.

கிண்ணியா நானா

தங்கச்சி, காசைக் கொண்டுபோய் அம்புக்குப் போட்டுடாதீங்க. உங்களுக்கு இல்லாதது ஃபோனோ பிரி அம்ப், அம்புக்குப் போக முதல் ஊசியின் சின்னச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. சின்னப் பெட்டி, உள்ளங்கை அளவுதான் வரும். டர்ன்டேபிள் வயரை அதுக்குக் கொடுத்து, அதில இருந்து ஆக்ஸுக்குக் கொடுங்க. இரைச்சலுக்கு, டர்ன்டேபிள்ல இருந்து சிவப்பு, வெள்ளை வயரோட மெல்லிசா இன்னொரு தனி வயர் வருதா பாருங்க. கவை மாதிரி முனை இருக்கும். அதுதான் எர்த். பிரி அம்புல இருக்கிற திருகுல அதை முறுக்குங்க. கையால தொடும்போது இரைச்சல் மாறினா அதுதான் பிரச்சினை. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, திருகை முறுக்கின உடனே நின்டுட்டு.

பழைய ரேடியோக்காரன்

பிள்ளை, நானா சொன்னது சரி. நாற்பது வருசம் ரேடியோவும் அம்பும் திருத்தினவன் நான், பட்டினத்துக்குள்ள சின்னக் கடை வைத்திருந்தனான். கொஞ்சம் விரிவாகச் சொல்லுறன், ஏனெண்டால் காரணம் விளங்கினால் அடுத்த சாமானை நீங்களே பார்த்து வாங்கலாம்.

அப்பாவின் பழைய பிளேயரில் இருந்தது அநேகமாக செராமிக் கார்ட்ரிட்ஜ். அது நேரடியாக நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். அதனால் எந்த ரேடியோவின் பின்பக்கம் செருகினாலும் பாடும். உங்கட பச்சை ஊசிக்காரன் காந்த வகை, எம்.எம். எண்டு சொல்லுவினம். அது தருவது 4 மில்லிவோல்ட் மட்டும். ஆக்ஸ் எதிர்பார்ப்பது 150, 200. ஐம்பது மடங்கு குறைவாகக் கொடுத்துவிட்டு அம்பில் பிழை சொல்லலாமோ? 100 வாட் இல்லை, 500 வாட் அம்ப் எடுத்தாலும் அந்தக் கிணற்றுச் சத்தம்தான் வரும்.

தகரச் சத்தத்துக்குக் காரணம் வேறு. தட்டு வெட்டும்போது அடிச்சத்தத்தை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் பத்து நிமிசப் பாட்டுக்கூட அடங்காது. அதுக்காக அடிச்சத்தத்தைக் குறைத்து, கீச்சுச் சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். இதுக்கு 1954இல் அமெரிக்க இசைத்தட்டுச் சங்கம் ஒரு பொது வளைகோடு வகுத்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. எண்டு பிரி அம்பில் எழுதியிருக்கிறது அதைத்தான். வாசிக்கும்போது பிரி அம்ப் அதைத் தலைகீழாகத் திருப்பவேணும்: 20 ஹேர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் கூட்டி, 20,000த்தில் அதேயளவு குறைத்து. நீங்கள் அந்தத் திருப்பல் இல்லாமல் கேட்டிருக்கிறீங்கள். அதுதான் தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போனது.

வாங்கும்போது மூன்று விசயம் பாருங்கோ. எம்.எம். வகைக்கு உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம். பெருக்கம் 40 டெசிபல் அளவு, அதாவது நூறு மடங்கு: உங்கட 4 மில்லிவோல்ட் 400 ஆகி ஆக்ஸுக்கு வசதியாகப் போகும். மூன்றாவது மின் கொள்ளளவு, வயரும் பெட்டியும் மின்னைத் தேக்கி வைக்கிற அளவு. அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு வயரையும் பிரி அம்பையும் சேர்த்து 100இல் இருந்து 200 பைக்கோஃபரட் எண்டு செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால் டர்ன்டேபிளில் இருந்து பிரி அம்புக்கு நீட்டு வயர் இழுக்காதேங்கோ. பிரி அம்பில் இருந்து அம்புக்குக் கொஞ்சம் நீட்டு வயர் போனாலும் பரவாயில்லை.

இனி, களைத்துப்போய்ப் பாடுகினம் எண்டு எழுதினீங்களே. அதை வாசித்த உடனே எனக்கு ஒரு சந்தேகம். ஒரு வேலை செய்யுங்கோ. தட்டின் ஓரத்தில் சின்னக் கடதாசித் துண்டு ஒட்டி, போனில் மூன்று நிமிசம் வைத்து, எத்தனை சுற்று எண்டு எண்ணுங்கோ. சரியான வேகம் எண்டால் நூறு வரவேணும். டிரான்ஸ்ஃபோமரில் எத்தனை வோல்ட் எழுதியிருக்கு எண்டும் பாருங்கோ.

உவர்மலைப் பிள்ளை

ஐயா, இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் 83. டிரான்ஸ்ஃபோமரில் 110 என்று இருக்கிறது.

பழைய ரேடியோக்காரன்

83 எண்டு வரும் எண்டுதான் நினைத்தனான்.

கனடாவில் மின்சாரம் ஒரு செக்கனுக்கு 60 தரம் மாறும், எங்களுக்கு 50 தரம். உங்கட டர்ன்டேபிளின் மோட்டர் அந்த மாறலோடு கால் ஒத்துச் சுற்றுகிற சாதி. வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபோமர் அந்தத் தாளத்தை மாற்றாது. அதனால் ஆறில் ஐந்து பங்கு வேகம்: 33⅓க்குப் பதிலாக 27.8. மூன்று நிமிசத்துக்கு 83. சுருதியில் பார்த்தால் 5 கட்டையில் பாடினவர் 3 கட்டைக்கு இறங்கியிருப்பார். ஊசியில் பிழையே இல்லை.

45இல் போட்டால் என்ன எண்டு கேட்பீங்கள். 37.5 வரும், ஓட்டம் கூடிப்போகும். செய்யவேண்டியது மோட்டரின் புலியை மாற்றுவது, பெல்ட் சுற்றுகிற அந்தச் சின்னப் பித்தளை உருளை. சில செய்காரர் 50 ஹேர்ட்ஸ் புலி தனியாக விற்கினம், மாமாவிடம் கேட்டுப் பாருங்கோ. இல்லாட்டி கடைசல் பட்டறையில் கடையலாம். கடையிறதெண்டால் ஒரு நுணுக்கம் இருக்கு. 1.2ஆல் பெருக்கினால் போதும் எண்டு ஆக்கள் நினைப்பினம். பெல்ட்டின் தடிப்பையும் சேர்த்துத்தான் பெருக்கவேணும். உருளை 10 மில்லிமீற்றர், பெல்ட் 0.6 எண்டு வையுங்கோ. 10.6ஐ 1.2ஆல் பெருக்க 12.72. அதில் 0.6ஐக் கழிக்க 12.12. முன்னர் சொன்னபடி 12 எண்டு கடைந்தால் நூறில் ஒரு பங்கு ஓட்டம் குறையும், பாட்டுக் கேட்டுப் பழகின காதுக்கு அது உறுத்தும். வேர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கோ, அடிக்கோலால் வேண்டாம்.

டிரான்ஸ்ஃபோமரை மாற்றுங்கோ, இது அவசரம். எங்கட வீட்டு மின்சாரம் 230 எண்டாலும் இரவில் சில நேரம் 240 தொடும். அப்போது உங்கட 110, 115 ஆகும். 100 வோல்ட்டுக்குக் கட்டின அம்புக்கு அது சூடு. மேல் மூடியில் கைவைத்துப் பாருங்கோ, தெரியும். 100 வோல்ட் தருகிற, 500 வாட்டுக்குக் குறையாத ஒன்று எடுங்கோ. டர்ன்டேபிளையும் அதிலேயே கொடுக்கலாம். 60க்குக் கட்டின மோட்டரை 50இல் ஓட்டினால் கொஞ்சம் கூடச் சூடேறும், வோல்ட்டையும் அதே ஆறில் ஐந்தாகக் குறைத்தால் சமன். 120இல் ஆறில் ஐந்து சரியாக 100. இரண்டுக்கும் ஒரே பெட்டி பொருந்திவருவது உங்கட அதிர்ஷ்டம்.

ஸ்பீக்கருக்கு வாறன். நீங்கள் எல்லாரையும் போல முதல் அம்பைக் கேட்டீங்கள். நான் அறையில் இருந்துதான் தொடங்குவன். 14 அடி நீளச் சுவர் ஏறக்குறைய 40 ஹேர்ட்ஸில் தானே முழங்கும், 12 அடி 47இல். வெறும் சீமெந்துத் தரை, கல்சுவர். இதுக்குள்ள 12 அங்குலப் பெட்டியை மூலையில் வைத்தால் தவிலில் சொற்கட்டு எதுவும் தனியாகக் கேளாது, எல்லாம் சேர்ந்து குமுறும். சின்னச் சோடியை எடுங்கோ. 86 டெசிபல் எண்டால் 1 வாட்டில், 1 மீற்றரில் அவ்வளவு. 8 அடி தள்ளி இருந்தாலும் 1 வாட்டுக்கே வீடு முழுக்கக் கேட்கும். 20 வாட் கொடுத்தால் அதுக்கு மேல் 13 டெசிபல். பக்கத்து வீட்டுக்காரர் கதவு தட்டுவினம். 40 வாட் தாராளம். 40க்கும் 100க்கும் வித்தியாசம் வெறும் 4 டெசிபல். அந்தக் காசுக்குப் பிரி அம்பும் டிரான்ஸ்ஃபோமரும் புலியும் சேர்த்து வரும்.

இரண்டு சோடியையும் அம்பின் ஏ, பி ஸ்பீக்கர்த் துளைகள் இரண்டிலும் பூட்டி ஒரே நேரத்தில் போடாதேங்கோ. பெரியது 8 ஓம் எண்டு வையுங்கோ, 6 ஓமும் 8 ஓமும் சமாந்தரமாகச் சேர்ந்தால் 3.4 ஓம். பின்னால் 6இல் இருந்து 16 ஓம் எண்டு எழுதின அம்பெண்டால் முடிவு டிரான்சிஸ்டர் எரியலாம். அப்படி எரிந்தது எத்தனையோ என்ர மேசைக்கு வந்திருக்கு.

நிலாவெளி உப்புக்காற்று

அக்கா, பெரிய ஸ்பீக்கரின் கோனைச் சுற்றி இருக்கிற வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கோ. கறுப்பு மாவாகவோ பிசினாகவோ ஒட்டினால் அது ஃபோம், உக்கிப் போச்சு. எங்கட கடற்கரைச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஃபோம் நிண்டு பிடிக்காது. என்னுடையது வெளியால நல்லாத்தான் இருந்தது, ஒரு நாள் இரவு கொஞ்சம் கூட்டினேன், கோன் கழன்று உள்ளே கருகிப்போச்சு. ரப்பர் வளையம் எண்டால் கனகாலம் தாங்கும். பழையது வாங்கிற ஆக்கள் மரப்பெட்டியின் மினுக்கைப் பார்க்காமல் இதைப் பாருங்கோ.

ஸ்பீக்கர் வயருக்குப் பெரிய காசு தேவையில்லை. ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயர் 5 மீற்றர் ஓடினாலும் போய்வர 0.12 ஓம்தான் சேரும். ஆனால் முனை பச்சை பிடிக்கும். நான் வருசத்துக்கு ஒருக்கால், மழை முடிய, தை மாசத்தில், அரை அங்குலம் வெட்டிப் புதுச் செப்பு எடுத்துப் பூட்டுகிறனான். வொலியூம் திருகு கரகரத்தால் அதுக்கெண்டு விற்கிற கிளீனரைத்தான் அடிக்கவேணும். சிலர் தேங்காயெண்ணெய் விடுவினம். அது தூசியைப் பிடித்து வைத்துக் கொஞ்ச நாளில் முழுக்கச் சாகடித்துவிடும்.

உவர்மலைப் பிள்ளை

பெரியதைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் கறுப்பாக ஒட்டியது. சின்னது ரப்பர், மெதுமெதுப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கவேண்டும். டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே ஷோகேஸின் மேல் இருக்கின்றன. வொலியூமை முழுக்கத் திருப்பியபோது ஊ என்று ஒரு ஊளைச் சத்தம் கிளம்பி ஏறிக்கொண்டே போனது. பயந்து நிறுத்திவிட்டேன்.

பழைய ரேடியோக்காரன்

நிறுத்தினது நல்லது. ஸ்பீக்கர் அதிர்ந்து ஷோகேஸ் அதிரும், அது ஊசிக்கு ஏறும், ஊசி அதைப் பாட்டெண்டு நினைத்து அம்புக்குக் கொடுக்கும், ஸ்பீக்கர் இன்னும் கூட அதிரும். ஒன்றை ஒன்று துரத்துகிற வேலை. இரண்டும் ஒரே பலகையில் நிற்கக் கூடாது. உங்கட வீடு பழைய வீடெண்டால் சுவரோடு கட்டின சீமெந்துத் தட்டு ஏதாவது இருக்குமே? அதைப்போல நல்ல இடம் டர்ன்டேபிளுக்குக் கிடையாது. மட்டம் பார்த்து வையுங்கோ, மேசன்மார் வைத்திருக்கிற ரசமட்டம் போதும். ஸ்பீக்கரை இருக்கும்போது காது வருகிற உயரத்தில், பின்சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கோ. தரையில் பாய் விரித்து, கடல் பக்க யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கோ. சீமெந்து அறைக்கு இவ்வளவும் செய்தாலே கை தட்டினால் எழுகிற அந்தக் கணீர்ச் சத்தம் பாதியாகும்.

ஊசியின் பாரம் 2 கிராம். பின்னால் இருக்கிற எடையைத் திருப்பி, ஊசி பூட்டின தண்டு தட்டுக்கு மேல் துலாக்கோல் மாதிரி மிதக்கிற இடத்தைப் பிடித்து, அங்கே இலக்கத்தை 0 ஆக்கி, பிறகு 2க்குத் திருப்புங்கோ. பயந்து 1.2, 1.3 எண்டு குறைக்காதேங்கோ. தட்டைக் காப்பாற்றுகிறம் எண்டு நினைத்து ஆக்கள் செய்கிற பிழை அது. பாரம் காணாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரை உடைக்கும். தட்டின் கடைசிப் பாட்டு, உள்வட்டம், அதில் நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது கிழிகிற சத்தம் கேட்டால் கார்ட்ரிட்ஜ் நேராகப் பூட்டப்படாமல் இருக்கலாம். அப்போது எழுதுங்கோ, அளவுத்தாள் வைத்துச் சரிபார்க்கிற விதம் சொல்லுறன்.

உவர்மலைப் பிள்ளை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பாடசாலையில் தவணைப் பரீட்சை.

பிரி அம்ப் கொழும்பில் இருந்து வந்தது. பழைய டிரான்ஸ்ஃபோமரைக் கடைக்காரர் மாற்றித் தரமாட்டேன் என்றுவிட்டார். வேறு இடத்தில் 100 வோல்ட் ஒன்று எடுத்தேன். அம்பின் மூடி இப்போது வெதுவெதுப்பு மட்டும்தான்.

புலிக்கு, வள்ளத்து எஞ்சின் பாகங்கள் கடைகிற ஒரு பட்டறைக்குப் போனேன். இவ்வளவு சின்னதை அவர் கடைந்ததே இல்லையாம். ஐயா சும்மா ஒரு கணக்குக்கு எழுதியது என் உருளைக்கு அப்படியே பொருந்தியது, 10 மில்லிமீற்றர்தான். முதல் தரம் 12.3 வந்துவிட்டது. வீட்டில் கொண்டுவந்து எண்ணினேன்: 101, பிறகும் கொஞ்சம். திரும்பப் போனேன். அவர் கடைசல் இயந்திரத்தில் அதைச் சுற்றவிட்டு, மெல்லிய மணல்தாளை விரலால் அழுத்திப் பிடித்து, நிறுத்தி அளந்து, மறுபடி பிடித்து, 12.1க்குக் கொண்டுவந்தார். முக்கால் மணித்தியாலம் என்னையும் கூட நிறுத்தி வேர்னியரை வாசிக்க வைத்தார். கூலி வாங்க மறுத்து, கடைசியில் தேத்தண்ணிக் காசு மட்டும் எடுத்தார். எண்ணினேன். நூறு.

சாமியறைக்குப் பக்கத்தில் அப்பா ரேடியோ வைத்திருந்த சீமெந்துத் தட்டு இருக்கிறது. டர்ன்டேபிளை அங்கே வைத்தேன். ஊளையும் இல்லை, இரைச்சலும் இல்லை. முதலில் நாதஸ்வரத் தட்டு. தவிலின் வலந்தலை அடி ஒவ்வொன்றும் சுண்டிவிட்டமாதிரித் தனித்தனியாக விழுகிறது, தொப்பி அடங்கிக் கேட்கிறது. குசினியில் நின்ற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாசற்படியிலேயே இருந்து, ஒரு பக்கம் முழுவதும் கேட்டா. மறுபக்கம் திருப்பிப் போடச் சொன்னா.

ஒரு கேள்வி மிச்சம். பெட்டியின் அடியில் இரண்டு தட்டு மற்றதைவிடப் பாரமாக, தடிப்பாக இருக்கின்றன. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பாட்டு. அதையும் போடலாமா?

பழைய ரேடியோக்காரன்

வேண்டாம் பிள்ளை, பொறுங்கோ. அது 78 தட்டு, அரக்கில் செய்தது. அதன் பள்ளம் உங்கட தட்டுகளின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். பச்சை ஊசி அடியில் போய் அழுக்கில் உரசும், ஊசியும் கெடும், பாட்டும் வராது. உங்கட மோட்டரில் அந்த வேகமும் இல்லை. கழுவுகிறதெண்டால் ஸ்பிரிட் மட்டும் தொடாதேங்கோ, அரக்குக் கரைந்துபோகும். சாய்த்து வைக்காமல் நிமிர்த்தி, கடல் யன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரோடு வையுங்கோ. என்னிடம் பழைய மூன்று வேகப் பிளேயர் ஒன்று கிடக்கு, மோட்டரைக் கழற்றி எண்ணெய் விட்டுப் பார்க்கிறன். ஓடினால் இங்கேயே எழுதுறன்.